எந்தக் கம்பெனி, எந்தக் கைக்கு, எந்த மண்ணுக்கு

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர் எடுத்த எடுப்பில் கேட்பது, “எந்தக் கம்பெனி நல்லது?” கடைக்காரரைக் கேட்டால், அவரிடம் சரக்கு இருக்கும் கம்பெனிதான் நல்ல கம்பெனி. ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவரைக் கேட்டால், தன் மெஷினைத் தவிர மற்றதெல்லாம் பொம்மை என்பார். இருவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேள்வி வீண் கேள்வி அல்ல. இந்தப் பொழுதுபோக்கில் பெயர் வெறும் ஸ்டிக்கரோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஏதோ ஒரு நாட்டு மண்ணில், அந்த ஊர்க்காரர்கள் தேடிய பொருளுக்காக வளர்ந்தது. அந்த மண்ணின் குணம் மெஷினின் சத்தத்திலும் எடையிலும் பட்டன்களிலும் ஊறியிருக்கிறது. அதே மெஷினைக் கொண்டுவந்து சேலத்து மேட்டுக்காட்டில் ஓட்டும்போது எது ஒத்துவரும், எது முரண்டு பிடிக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தொலைந்ததைத் தேடுபவர்கள். கடலைக்காய் பறிக்கையில் கழன்ற மோதிரம், ஆடிப்பெருக்கில் படித்துறையில் நழுவிய கொலுசு, ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள் போன கலப்பைக் கொழு, மூடிப்போன போர்வெல் பைப்பின் வாய், அறுப்புக்கு வந்த புளியமரத்துக்குள் யாரோ அடித்துவிட்டுப் போன ஆணி. இவற்றைத் தேடுபவருக்காகத்தான் இந்த நூல். புதையல் எடுக்கக் கிளம்புகிறவருக்கு இந்த நூலில் இடமில்லை. அதற்கான சட்டம் என்ன சொல்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் கடைசிக்கு முந்தைய பகுதியில் வருகிறது.

முதலில் மண்

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை. அமாவாசைக்கு சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏறி இறங்கும் அந்த மலையில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது அடுக்கடுக்காக ஓடுகிறது. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது நம்பியது இந்தச் சேலத்துத் தாதுவைத்தான். கொல்லிமலை, தலைமலைப் பக்கமும் இதே வகைத் தாது உண்டு. மலை தேய்ந்து மழையில் கரைந்து, அந்தக் கரும்பொடி சமவெளி முழுக்கப் பரவிக் கிடக்கிறது. மழை நின்ற பிறகு சாலையோர மணலில் காந்தத்தை இழுத்து விளையாடிய பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கருமணல் தெரியும்.

டிடெக்டருக்கு அதுதான் முதல் சவால். காயில் என்னும் கம்பிச்சுருள் மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதன் எதிரொலியை இன்னொரு சுருள் வாங்கி, காதுக்குச் சத்தமாகத் தருகிறது. மேக்னடைட் கலந்த மண்ணும் தன் பங்குக்கு எதிரொலி கொடுக்கும். ஒரு சிறு மோதிரத்தின் எதிரொலியைவிட அது பல மடங்கு வலுவாக இருக்கும். மண்ணின் பங்கைக் கழித்துவிட்டுப் பொருளின் பங்கை மட்டும் காதுக்குத் தருவதற்கு கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். சில மெஷின்களில் இது தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் நாமே திருகலாம். சிலது மண்ணைக் கவனித்துத் தானே மாற்றிக்கொண்டே போகும்.

உங்கள் தோட்டத்து மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, காய்ந்த மண்ணில் நாலடி தூரம் இழுங்கள். கவரின் அடியில் கறுப்பு மீசை முளைக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கவலை இல்லை, எந்தக் கம்பெனியும் ஓடும். விரல் நகத்தளவு தடித்து நின்றால், பூட்டிய பேலன்ஸ் உள்ள மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். அது எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும், அல்லது ஆழத்தைக் காவு கொடுத்துவிட்டு வாயடைத்துப்போகும். சேலம் சுண்ணாம்புக்கரட்டுப் பக்கத்து வெள்ளைக்கல் நிலத்தைப் பார்த்தால் பாவம் போலத் தெரியும், வெள்ளைக்கல்லும் காந்தத்துக்கு அசையாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள கரும்பாறை வேறு மாதிரி. அங்கே ஒரே காட்டுக்குள் மேல்கோடிக்கும் கீழ்கோடிக்கும் பேலன்ஸ் மாறும். வரப்பு தாண்டும்போதெல்லாம் மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

பெயர்களும் அவை பிறந்த மண்ணும்

நம் ஊரில் மிக அதிகம் பேர் பார்த்திருக்கும் பெயர் கேரெட். பார்த்தது காட்டில் அல்ல, மால் வாசலிலும் கோயில் வாசலிலும் காவலர் நம் மேல் தடவும் கறுப்பு மட்டையில். 1964-இல் டெக்சாஸ் மாநிலம் கார்லண்டில் சார்லஸ் கேரெட் தொடங்கிய கம்பெனி. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் பாதுகாப்பு வேலையில் இறங்கியதிலிருந்து வாசல் சோதனைக் கருவிகளில் பெயர் எடுத்தது. ஆனால் அதன் வேர் அமெரிக்கப் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் நாணயம் பொறுக்கியவர்களிடம் இருக்கிறது. அதனால்தான் அதன் மஞ்சள் நிற ஏஸ் வரிசை மெஷின்களில் நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் வந்தால் மணி அடித்ததுபோல ஒரு ஓசை எழும். அமெரிக்க வெள்ளிக்காசுக்காக வைத்த மணி அது. கேட்டவர்கள் விடமாட்டார்கள். கேரெட்காரர்களின் பக்திக்குப் பாதிக் காரணம் அந்த மணிதான் என்று நினைக்கிறேன். ஏஸ் 250-இல் பேலன்ஸ் பூட்டப்பட்டது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதே கம்பெனியின் ஏடி புரோவில் அதை நாம் திருகலாம். நம் மண்ணில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், இரண்டு கம்பெனிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது.

மைன்லேப் 1985-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தது. அந்த நாட்டுத் தங்கவயல்களின் மண் செக்கச்செவேலென்று இரும்பு கலந்தது. அமெரிக்க மெஷின்கள் அங்கே போய்த் திணறின. அதற்காகவே இவர்கள் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் அனுப்பும் முறையையும், பல்ஸ் முறைத் தங்க டிடெக்டர்களையும் வளர்த்தார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் வேலை செய்பவருக்கு இந்தக் குடும்பம்தான் உறவுமுறை. விலையும் அதற்கேற்ற உறவுமுறை. ஈக்வினாக்ஸ் 2018-இல் வந்தபிறகுதான் பல அலைவரிசை மெஷின் நடுத்தரக்காரரின் கைக்கு எட்டியது. பல்ஸ் மெஷின்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை: மண்ணை நன்றாகச் சமாளிக்கும், ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. நம் காடுகளில் ஆணிக்கும் கட்டுக்கம்பிக்கும் பஞ்சமில்லை.

எக்ஸ்பி பிரெஞ்சுக் கம்பெனி, துலூஸ் நகரத்தில் 1998-இல் ஆரம்பித்தது. ஐரோப்பாவின் உழுத வயல்களில் பழைய ஆணிகளுக்கு நடுவே நகத்தளவு காசு தேடுகிறவர்களின் மெஷின். ஒரு ஆணிக்கும் பக்கத்துக் காசுக்கும் இடையே சட்டென்று மூச்சுவிட்டு மறுபடி பேசும் வேகம் அதன் பெருமை. காயில், ஹெட்போன், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றுக்கும் நடுவே வயர் கிடையாது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. நோக்டா துருக்கி, இஸ்தான்புல். 2019-இல் வந்த சிம்பிளெக்ஸ் மூலம், தண்ணீரில் மூழ்கும், பேலன்ஸ் திருகலாம், விலை குறைவு என்ற மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துச் சந்தையைக் கலக்கியது. முதல் மெஷின் வாங்கும் நம்மூர்க்காரருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பெயரைத்தான்.

ஃபிஷர் எல்லோருக்கும் மூத்தது. கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் கலிபோர்னியாவில் 1931-இல் தொடங்கிய கம்பெனி. இன்று ஃபிஷர், டெக்னெடிக்ஸ், பவுண்டி ஹண்டர் மூன்று பெயர்களும் டெக்சாஸ் எல் பாசோவில் உள்ள ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஃபிஷர் எஃப்75-உம் டெக்னெடிக்ஸ் டி2-உம் ஏறக்குறைய உடன்பிறப்புகள், இரண்டும் 13 கிலோஹெர்ட்ஸில் ஓடுபவை. இருந்தும் “நான் ஃபிஷர் ஆள்”, “நான் டெக்னெடிக்ஸ் ஆள்” என்று இரண்டு கட்சி உண்டு. கேலி செய்வதற்கில்லை. பெட்டியின் வடிவம், பட்டன் இருக்கும் இடம், ஓசையின் நிறம் ஆகியவை மாறினால் கை மாறிவிடுகிறது. உள்ளே ஒரே மூளை இருந்தாலும் காதும் கையும் அதை வேறொரு ஆளாகத்தான் பார்க்கின்றன.

மறைந்துபோன இரண்டு பெயர்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய மெஷினாக அவை உங்களிடம் வந்து சேரலாம். அரிசோனாவின் டெசோரோ 2018-இல் கடையை மூடியது. ஆரிகன் மாநிலத்து வைட்ஸ் 1950-இலிருந்து நடந்து 2020-இல் மூடியது. அதன் தொழில்நுட்ப உரிமைகளை கேரெட் வாங்கிக்கொண்டது. பெரும்பாலான டெசோரோக்களில் திரை கிடையாது, எண் கிடையாது. ஒரு திருகு, ஒரு பீப், அவ்வளவுதான். அதை வைத்திருப்பவர்கள் இன்றும் விற்க மாட்டேன் என்கிறார்கள். கம்பெனி கொடுத்த வாழ்நாள் உத்தரவாதத்தைத் தாண்டி மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்ணை நம்பாதீர்கள், காசு நம்முடையது

திரையில் வரும் எண்ணும் காசுப் படமும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த ஊர்க் காசை வைத்து அளந்தவை. நம்முடைய காசோ வேறு. 1988-இலிருந்து வந்த 25 பைசாவும், 1992-இலிருந்து வந்த ஒரு ரூபாயும் ஃபெரிட்டிக் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் ஒட்டும். அந்த ஸ்டீலில் காசு வட்டம் வெட்டிக் கொடுக்கும் பிரிவு கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையிலேயே உண்டு. அமெரிக்க மெஷினில் ‘இரும்பைத் தள்ளு’ என்று வைத்துவிட்டுச் சேலத்தில் நடந்தால், சேலத்து ஸ்டீலில் அடித்த காசையே அது குப்பை என்று தள்ளிவிடும், இல்லையென்றால் எண்ணைத் தாறுமாறாகக் குதிக்க வைக்கும். அதற்கு முந்தைய அலுமினியப் பைசாக்கள், பூ விளிம்பு 10 பைசா போன்றவை, சாக்லேட் சுற்றிய காகிதத்துக்கும் சோடா மூடித் துண்டுக்கும் பக்கத்து எண்ணில் உட்காரும்.

தங்க மோதிரத்தின் கதையும் இதுவே. சிறிய தங்கப் பொருள் அலுமினியக் காகிதத்தின் எல்லைக்குள் விழுகிறது. காகிதத்தைத் தள்ளச் சொன்னால் மோதிரமும் சேர்ந்தே போகும். பான்பராக் கவர்களைத் தோண்டிச் சலித்து, “இனி காகிதம் வேண்டாம்” என்று பட்டனை அழுத்தியவர்தான், தேடிய மோதிரத்தைத் தாண்டி நடந்துபோனவர். எண் வேண்டாம், கம்பெனி சொன்ன ‘ஜுவல்லரி’ பொத்தானும் வேண்டாம். தங்கம் தேடும்போது எல்லாச் சத்தத்தையும் கேளுங்கள்.

கொலுசு இன்னும் சிக்கல். சேலம் கொலுசு ஊர் என்பதால் இதைச் சற்று நின்று சொல்கிறேன். வெள்ளி எல்லா உலோகத்தையும்விட நன்றாக மின்சாரம் கடத்தும். அரை கிலோமீட்டருக்குக் கேட்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கொலுசு முழு வெள்ளியாகக் கிடப்பதில்லை. கண்ணி கண்ணியாக இருக்கிறது. சுழல் மின்னோட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியாகச் சின்ன வட்டம் போடுகிறது. முழு வளையமாக ஓட வழியில்லை. அதனால் கனத்த கொலுசும் மெலிந்த சத்தம்தான் கொடுக்கும். பல நேரம் மெஷின் கேட்பது சங்கிலியை அல்ல, திருகாணியையும் முத்தையும்தான். தாலிக்கொடியும் அப்படியே. கொடி மறைந்துவிடும், தாலியும் குண்டும் கேட்கும். “ஏனுங்க, இந்தப் பாத்தியிலதானுங்க விழுந்திருக்கோணும், உங்க மெஷின் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே” என்று கொலுசைத் தொலைத்த அம்மா கேட்கும்போது, மெஷின் ஒருவேளை சொல்லியிருக்கலாம், மிக மெதுவாக. காயிலை மண்ணோடு ஒட்டி, பாதி வேகத்தில், இரண்டாம் முறை குறுக்காக ஓட்டிப் பாருங்கள்.

இங்கேதான் கம்பெனியின் குரல் காசு கொடுத்த காரணத்தைக் காட்டுகிறது. சில மெஷின்கள் எந்தப் பொருளுக்கும் ஒரே உரத்தில் பீப் அடிக்கும். சில, பொருள் சிறிதாக இருந்தால் மெலிந்தும், ஆழத்தில் இருந்தால் இழுத்தும், இரும்பாக இருந்தால் உடைந்தும் பேசும். மைன்லேபின் பழைய எக்ஸ்ப்ளோரர் புல்லாங்குழல் போன்ற இழையில் பேசியது என்று அதை ஓட்டியவர்கள் இன்றும் ஏங்குகிறார்கள். தொடர்ந்து ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்க, அது ஒரு கணம் அறுந்தால் அதுவே செய்தி என்று வைத்த மெஷின்களும் உண்டு. எது உங்கள் காதுக்கு? கேட்டுப் பார்க்காமல் தெரியாது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு உயர்ந்த சுருதி நழுவும். அப்படியானவர்கள் ஓசையின் சுருதியை மாற்றவிடும் மெஷினாகத் தேட வேண்டும். கடையில் எண்களைக் காட்டுவார்கள், சுருதியை யாரும் காட்டுவதில்லை.

கை, முழங்கை, வெயில்

ஈக்வினாக்ஸ் 1.34 கிலோ, சிம்பிளெக்ஸ் 1.3 கிலோ, ஏடி புரோவும் அதையொட்டியே. எழுத்தில் படித்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் கை எடையைத் தூக்குவதில்லை, சாய்வைத் தூக்குகிறது. பேட்டரி முழங்கைக்குப் பின்னால் இருக்கும் மெஷின் கையில் மிதக்கும். எல்லாம் முன்னால் குவிந்தது பத்தே நிமிடத்தில் மணிக்கட்டை இழுக்கும். ஒரே கம்பெனியின் வெவ்வேறு மாடல்களிலேயே இது மாறும். நின்றபடி கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெஷினைப் பிடியுங்கள். காயில் தானாகத் தரையில் படுக்கிறதா, அல்லது நீங்கள் மணிக்கட்டை வளைத்து அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது நடந்தால் தண்டை நீட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அப்போதும் வரவில்லையென்றால் அந்தப் பெயர் உங்களுக்கானது அல்ல, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

பெரிய காயில் ஆழம் போகும் என்பது பாதி உண்மை. நம் மண்ணில் பெரிய காயில் அதிக மண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது, அதாவது அதிக மேக்னடைட்டையும். மேட்டுக்காட்டுக் கட்டிகளுக்கு நடுவே அதைத் தரையோடு ஒட்டி ஓட்டவும் முடியாது. ஆறேழு அங்குல நீள்வட்டக் காயில் ஒன்று தனியாக வாங்குவது, அடுத்த மாடலுக்குப் பணம் கட்டுவதைவிடப் பலன் தரும்.

வெயிலைப் பற்றி அயல்நாட்டுக் கையேடுகள் நமக்குப் போதுமானதாக எழுதுவதில்லை. மூடி நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரி மெஷினை விட்டுப்போகாதீர்கள். ஏப்ரல் மாதத்தில் காது முழுக்க மூடும் ஹெட்போன் போட்டால் அரைமணியில் பஞ்சு நனைந்துவிடும். வயரில்லாத சிறிய வகை போதும். தண்ணீரில் மூழ்கும் என்று விளம்பரம் செய்யும் மெஷினின் ஹெட்போன் பெரும்பாலும் மூழ்காது. பரமத்திவேலூரிலோ மேட்டூரிலோ படித்துறையில் இறங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். கேரெட்டின் ஆரஞ்சு நிற பின்பாயின்ட்டரை, குழிக்குள் கைவிட்டுத் தேடும் அந்தச் சிறு கருவியை, வெளிநாட்டில் செல்லமாக ‘கேரட்’ என்ற காய்கறிப் பெயரிலேயே அழைக்கிறார்கள். புல்லில் தொலையக் கூடாது என்றுதான் அந்த நிறம். நம் செம்மண்ணில் அது பாதி மறைந்துவிடும். நீலத் துணி ஒன்று கட்டிவையுங்கள். மர அறுப்பு மில் வைத்திருப்பவருக்கு முழு மெஷினே தேவையில்லை, இந்தச் சிறு கருவி ஒன்றே போதும். தடியின் பட்டையை ஒட்டி மெதுவாக ஓட்டினால், ஆணி இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடலாம், பிளேடு தப்பும்.

கை சொல்வதையும் முழுக்க நம்ப முடியாத இடம்

கையில் பிடித்தால் வரும் நம்பிக்கை சில நேரம் பொய் சொல்லும். அதற்கு உலகம் அறிந்த சாட்சி ஏடிஇ 651. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர் அதை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கு விற்றார். கோல்ஃப் பந்து தேடுவதாகச் சொல்லி விற்கப்பட்ட ஒரு மலிவுப் பொம்மையிலிருந்து பிறந்தது அது. பிடியும், தானே சுழலும் ஆன்டெனாவும் தவிர உள்ளே எதுவும் இல்லை. பேட்டரியே கிடையாது. இருந்தும் கையில் கனமாக, கம்பீரமாக உட்கார்ந்தது. ஆன்டெனா “காட்டுகிறது” என்று காவலர்கள் உண்மையாகவே நம்பினார்கள். கை தன்னையறியாமல் சாய்ப்பதைக் கருவி காட்டுவதாக மனம் எடுத்துக்கொண்டது. 2013-இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது.

நம் ஊரில் ‘இரிடியம்’, ‘ரைஸ் புல்லர்’ என்று சுற்றும் மோசடியும், நூறு அடி ஆழத்தில் தங்கம் காட்டும் என்று ஆன்டெனா நீட்டிய பெட்டியும் அதே பிள்ளைகள். காயில் இல்லாமல் ஆன்டெனா மட்டும் இருந்தால், ஆழம் மீட்டர் கணக்கில் சொன்னால், உலோகத்தின் பெயரைப் பட்டனில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கையைக் கழுவிவிடுங்கள். உண்மையான மெஷின் ஒரு காசை ஒரு சாண் ஆழத்தில் கேட்டாலே பெருமைதான்.

இதைவிட நுட்பமான ஏமாற்று, போலிப் பெயர். மைன்லேபின் தங்க மெஷின்களுக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் போலிகள் பெருகின. ஏஸ் 250-இன் தோற்றத்திலேயே எம்டி-6250 என்ற மலிவு மெஷின் ஆன்லைனில் கிடைக்கிறது. அதைப் போலி என்றே சொல்ல முடியாது, தன் பெயரில்தான் விற்கிறது. பிள்ளைகள் கற்றுக்கொள்ளக் கொடுக்கலாம். ஆனால் அதையே கேரெட் ஸ்டிக்கர் ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு யாராவது நீட்டினால், சீரியல் எண்ணைப் படமெடுத்துக் கம்பெனிக்கே அனுப்பிக் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.

சோதனைப் பாத்தி

வாங்குவதற்கு முன், முடிந்தால் கடன் வாங்கிய மெஷினிலாவது, சொந்த நிலத்தில் ஒரு பாத்தி போடுங்கள். எட்டடி நீளம் போதும். பழைய ஆணி இல்லாத இடமாக மெஷினாலேயே சுத்தம் செய்துகொண்டு, கீழே உள்ளவற்றைப் புதையுங்கள்: ஒரு 25 பைசா, ஒரு பித்தளை ஐந்து ரூபாய், ஒரு கம்பித் துண்டு, ஒரு சாக்லேட் காகிதம், வீட்டில் ஒத்துக்கொண்டால் ஒரு பழைய கொலுசு. தங்கம் புதைக்க மனம் வராது. அதற்குப் பதில் மோதிர அளவில் ஒரு சின்னப் பித்தளை வளையம் வையுங்கள். மூன்று அங்குலம், ஐந்து அங்குலம், ஒரு சாண் என்று ஆழத்தை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். இடத்தைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

புதைத்த அன்றே முடிவு கட்டாதீர்கள். கொத்திய மண் இறுகி ஒரு மழை பட்ட பிறகுதான் மண் பழையபடி பேசும். அதன்பின் மெஷினை ஓட்டும்போது திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, எது எது என்று சொல்லிப் பாருங்கள். கம்பியையும் வளையத்தையும் கண்ணை மூடிப் பிரித்துச் சொல்ல முடிகிற மெஷின்தான் உங்கள் மெஷின். ஒரே பாத்தியில் இரண்டு கம்பெனி மெஷின் ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், விமர்சனங்கள் எல்லாவற்றையும்விட அந்த அரைமணி நேரம் மேல்.

நாமக்கல்லில் லாரி வாங்குபவர்களிடம் கற்க வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. லேலண்டா டாடாவா என்பது சேஸிஸ் வாங்கும்போது முடிவாகிவிடும். அதன்பிறகு பாடி கட்டும் பட்டறையில் உரிமையாளர் தன் சரக்குக்கும் தன் ரூட்டுக்கும் ஏற்றபடி நீளமும் உயரமும் பலகையும் சொல்லிச் செய்துகொள்கிறார். டிடெக்டரும் அப்படித்தான். பெட்டி கம்பெனியுடையது, காயிலும் ஹெட்போனும் கைத்தாங்கியும் நம்முடையது. உதிரி காயில் கிடைக்காத, பழுது பார்க்க ஆள் இல்லாத பெயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது பாடி கட்ட முடியாத சேஸிஸ். வாங்கும் முன் கேளுங்கள்: இந்த மாடலுக்கு வேறு காயில் இந்தியாவில் கிடைக்குமா, சென்னையிலோ பெங்களூரிலோ பழுது பார்ப்பவர் உண்டா, மென்பொருள் புதுப்பிப்பை நாமே ஏற்றிக்கொள்ள முடியுமா. வயரில்லாத காயில்களில் பேட்டரி காயிலுக்குள்ளேயே இருக்கும். அது தீர்ந்துபோனால் மாற்றிக்கொடுப்பது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்தக் கம்பெனிக்கும் விதிவிலக்கு இல்லாத சட்டம்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டைத் தாண்டிய பொருட்களைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. நாமக்கல் கோட்டை, சங்ககிரி கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் மெஷினோடு நடமாடுவதே வம்பு. அங்கே தோண்ட நமக்கு உரிமை கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

மேட்டூர் நீர் வற்றும் காலத்தில் அணையின் உள்பகுதி வெளியே தெரியும்போது பலருக்குக் கை அரிக்கும். அந்தப் பக்கத்து மாங்காடு, தெலுங்கனூர் ஊர்களில் கிடைத்த இரும்பு வாள்கள் கி.மு. 1000-க்கும் முந்தையவை என்று காலக்கணிப்பில் வெளிப்பட்டுள்ளது. நம் மெஷினில் ‘தள்ளு’ என்று வைக்கும் உலோகம்தான் சேலம் மாவட்டத்தின் மிகப் பழைய சொத்துகளில் ஒன்று. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து பிடுங்கிய வாளுக்கு வயது சொல்வது கடினமாகிவிடும்.

இரண்டாவது மெஷின்

ஒரு வருடம் ஓட்டியபின் எல்லோருக்கும் இன்னொரு கம்பெனி மேல் ஆசை வரும். மாறலாம், ஆனால் மாறும்போது என்ன இழக்கிறீர்கள் என்று தெரிந்து மாறுங்கள். காது ஒரு மெஷினின் மொழியைப் பழகியிருக்கிறது. புதியதில் அது மறுபடி பாலபாடத்திலிருந்து தொடங்கும். அதனால் அதே கம்பெனியில் மேல்படிக்குப் போவது பலருக்கு நல்லது. ஓசையும் பட்டனும் பெரும்பாலும் அதே குடும்பத்து ஜாடையில் இருக்கும். மண்தான் பிரச்சினை, கரும்பொடி காந்தத்தில் தடித்து நிற்கிறது என்றால் மட்டும், குடும்பம் மாறி பல அலைவரிசைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

பழைய வைட்ஸோ டெசோரோவோ யாராவது விற்க வந்தால், காயிலின் வயர் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் மாற்றுக் காயில் கிடைப்பது அபூர்வம். பேட்டரிப் பெட்டியின் பச்சைப் பாசியைச் சுரண்டிப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் சோதனைப் பாத்தியில் ஓட்டுங்கள். திருப்தியாகப் பேசினால் விலையை முக்கால்வாசிக்குக் கேளுங்கள். முதல் மெஷினை உடனே விற்றுவிடாதீர்கள். புதியதில் சந்தேகம் வரும் இடத்தில் பழையதை ஒருமுறை ஓட்டிக் கேட்பதற்கு அது தேவைப்படும்.